தி. நகர் பெட்டியும் பட்டினப்பாக்கம் பெட்டியும்

கடல் மீட்புப் பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுங்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். முட்டி ஒத்துழைக்கவில்லை, மூன்று மாடி ஏற முடியாது, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். முட்டி ஒரு சாக்கு. இந்தக் கதையை முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் முதல் பாதியில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இரண்டாம் பாதியில் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். தேற்றினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால், பிள்ளைகளா, படித்துக்கொள்ளுங்கள். தேற்ற வேண்டாம்.

உங்களுக்கு இப்போது எல்லாம் திரையில் புள்ளியாக வந்து நிற்கிறது. தொண்ணூறுகளில் எங்களுக்கு இருந்தது மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடி, ஆறு பேர், ஒரு டெலக்ஸ் எந்திரம், இரண்டு டெலிபோன். அதில் ஒன்று மழை பெய்தால் செத்துவிடும். கப்பலோ விமானமோ ஆபத்தில் மாட்டிக்கொண்டால் அதில் இருக்கிற ஆபத்துப் பெட்டி கூப்பிடும். மேலே போகிற செயற்கைக்கோள் அதைக் கேட்டுத் தரை நிலையத்துக்குச் சொல்லும், அங்கிருந்து எங்களுக்கு டெலக்ஸ் வரும். அது யாருடைய பெட்டி, எங்கே இருக்கிறது என்று விசாரித்து, மீட்புக் கப்பலைக் கிளப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

இதில் இரண்டு வில்லங்கம் உண்டு. ஒன்று, வருகிற அழைப்பில் முக்கால்வாசி பொய். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் கைபட்டுக் கூப்பிடும். குட்டி விமானம் கொஞ்சம் பலமாகத் தரையில் தட்டினால் கூப்பிடும். இரண்டாவது, செயற்கைக்கோள் ஒருமுறை கடக்கும்போது பெட்டிக்கு ஒரு இடம் சொல்லாது, இரண்டு இடம் சொல்லும். ஒன்று நிஜம், மற்றது அதனுடைய பிம்பம். எது நிஜம் என்று அடுத்த கோள் வரும்வரை தெரியாது. ஒரு மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும்.

முதலில் சிரிக்கிற பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். காலையில் ஒரு அழைப்பு. ஏதோ ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலின் பெட்டி. இரண்டு இடம் வந்தது. ஒன்று நடுக்கடல், மற்றது தி. நகர். கப்பலின் முதலாளிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. கப்பல் கடலில்தானே இருக்கும்? மீட்புக் கப்பலைக் கிளப்பிவிட்டோம். அது இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அடுத்த கோள் வந்து சொன்னது: தி. நகர்தான்.

மீட்புக் கப்பலின் அதிகாரி கரைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தார். "மேடம், தி. நகர்ல எந்தப் பக்கம் கடல் இருக்கு? அடுத்த தடவை நேரா அங்கயே வந்துடறேன்" என்றார்.

கையில் பிடிக்கிற ஒரு ரிசீவரை எடுத்துக்கொண்டு நானும் இன்னொருவரும் உஸ்மான் ரோட்டில் இறங்கினோம். பண்டிகைக் கூட்டம். பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று, அதற்கு நடுவில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நான். "டிவி ரிப்பேரா மேடம்?" என்று வேறு ஒருத்தன் கேட்டான். கடைசியில் ஒரு பாத்திரக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது. மேல் அலமாரியில் குத்துவிளக்குகளுக்கு நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, ஆரஞ்சு நிறத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது நம் பெட்டி.

கடைக்கார அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். "உடைச்ச கப்பல்லருந்து வந்த பித்தளைச் சாமானோட சேந்து வந்துச்சு தாயி. பாக்க லெச்சணமா இருக்கேன்னு மேல வச்சேன். நாளைக்குப் பூசைல்லா, எல்லாத்தையும் கழுவி வைங்கலேன்னு பயலுவகிட்ட சொன்னேன்" என்றார்.

தண்ணீர் பட்டால் கூப்பிடுகிற மாதிரித்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். கப்பல் முழுகினால் தானாகக் கூப்பிட வேண்டும் அல்லவா? இவர்கள் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.

"கூப்பிடுதா? சத்தமே கேக்கலியே?"

"நமக்குக் கேக்காது அண்ணாச்சி."

"அப்ப யாருக்குக் கேக்கும்?"

நான் மேலே கையைக் காட்டினேன். அண்ணாச்சி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதை வைத்து ஆபீசில் எங்களை ஒரு வருஷம் ஓட்டினார்கள். எங்கள் மேலதிகாரியை நாங்கள் பெரியவர் என்போம். மயிலாப்பூரிலேயே நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். பொல்லாதவர் இல்லை, எனக்கு வேலை கற்றுத்தந்தவரே அவர்தான். "தரையில இருக்கறதைக் கடல்ல தேடிண்டு போனோம் பார், அந்த மானக்கேடு இனிமே வரப்படாது" என்றார். நானும் மனதில் அதை ஆணி அடித்து மாட்டிக்கொண்டேன்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. கப்பல், விமானப் பாதுகாப்புக்கான செயற்கைக்கோள் வேலையை ஒவ்வொரு நாடும் ஒழுங்காகச் செய்கிறதா என்று மேற்பார்வை பார்க்க ஒரு சர்வதேச அமைப்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு வெள்ளைக்கார ஆய்வாளர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் ரெஜிஸ்டரைப் புரட்டுவார். ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே மூன்று கட்டம்: நிஜம், பொய், தெரியவில்லை. அந்த வருஷம் வந்தவர் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து, "இவ்வளவு 'தெரியவில்லை' ஏன்? உங்கள் விசாரணை போதாதா?" என்று கேட்டுவிட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பெரியவருக்கு முகம் செத்துப்போயிற்று.

அன்றிலிருந்து மூன்றாவது கட்டத்தை யாரும் தொடுவதில்லை. தெரியாததெல்லாம் பொய்க் கட்டத்துக்குப் போயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது.

அடுத்த வருஷம், மெட்ராஸ் சென்னை ஆகியிருந்த சமயம், ஆய்வாளர் ஒரு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின செவ்வாய், காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், டெலக்ஸ் கடகடத்தது.

ஒரு கப்பலின் பெட்டி. இரண்டு இடம். ஒன்று நம் கரைக்குக் கிழக்கே கடல், மற்றது கடப்பா பக்கம் உள்நாடு. கப்பலின் சொந்தக்காரர்களுக்கு டெலக்ஸ் அடித்தேன். இந்த முறை உடனே பதில் வந்தது: அந்தக் கப்பலை உடைத்து இரண்டு வருஷம் ஆகிறது.

பெரியவர் என் மேஜைக்கு வந்து நின்று படித்தார். "கப்பலே இல்லேங்கறான். இல்லாத கப்பல் எப்படிம்மா முழுகும்?"

"அடுத்த கோள் வரட்டும் சார்" என்றேன்.

அடுத்த கோள் பன்னிரண்டு மணிக்கு வந்தது. ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டி நின்றுவிட்டது.

"எவனோ ஸ்விட்சைக் கண்டுபிடிச்சு அணைச்சுட்டான். இன்னொரு பாத்திரக் கடை" என்றார் பெரியவர். "நாளன்னிக்கு அவன் வரான். தெரியலைன்னு எழுதி வெக்காதே."

எழுதச் சொன்னது அவர். எழுதியது என் கை. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது, ஏனென்றால் நானும் அதை நம்பினேன். உடைத்த கப்பலின் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு கடப்பா ரோட்டில் ஒரு லாரி போகிறது என்று என் மனதிலேயே ஒரு லாரியை ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பச்சை நிறத் தார்ப்பாய்கூடப் போட்டேன். பொய் என்ற கட்டத்தில் டிக் அடித்து, 'உடைக்கப்பட்ட கப்பலின் பெட்டி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். பிறகு சாப்பிட்டேன். அன்றைக்கு எலுமிச்சை சாதம், வடாம். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்தும் ஞாபகம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தண்டனை.

மறுநாள் புதன்கிழமை காலை, அடையாற்றிலிருந்து வழக்கமான பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாலம் தாண்டிப் பட்டினப்பாக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. "மறியல் பண்றாங்கோ. எல்லாம் எறங்கிக்கோ" என்றார் கண்டக்டர். மீன்காரப் பெண்கள் ரோட்டை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஆய்வு, ஆயிரம் வேலை, எனக்குக் கடுப்பு. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நடக்கப் பார்த்தேன்.

முப்பது வயது இருக்கும், ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னாமே, ஆபீசுக்கு லேட்டாயிடுச்சா? எங்க ஆம்பளைங்க வூட்டுக்கு வந்து சேரல. ஒரு நாள் லேட்டு. போலீசாண்ட சொன்னா மீன்வளத்தாண்ட போன்றான், அங்க போனா கலெக்டராண்ட போன்றான். நீ கவருமெண்டு தானே? நீயாச்சும் சொல்லு."

திங்கட்கிழமை சாயங்காலம் என்ஜின் போட்டில் நாலு பேர் போயிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே திரும்பியிருக்க வேண்டும். இவள் பெயர் கன்னியம்மா. போட்டை ஓட்டிக்கொண்டு போனது இவள் புருஷன் ஏழுமலை, கூட அவன் தம்பி சேகர், இன்னும் இரண்டு பேர்.

பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் அலுத்துக்கொண்டார். "காயலான் கட டப்பாவ நம்பிப் போனான் பாரு. வானம் சரியில்லன்னு சொன்னேன். எனுக்கு டப்பா கீதுன்னான்."

"என்ன டப்பா?" என்று கேட்டேன்.

"கப்பல் டப்பா" என்றாள் கன்னியம்மா. "ஆரஞ்சு கலரு. காயலான் கடையில வாங்கியாந்தான். தண்ணியில போட்டா கூப்புடும், கப்பல் வரும்னு ஊரு பூரா சொல்லிகினு இருந்தான். எல்லாம் அவன வச்சு சிரிச்சாங்கோ."

நேற்று நான் பொய் என்று எழுதிய பெட்டி அது. மறியலுக்கு அந்தப் பக்கம் ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

பெரியவர் அப்போதுதான் வந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "பழைய பெட்டி. பேட்டரி செத்துப்போயிருக்கும்" என்றார். யாரும் அணைக்கவில்லை. தானாக அடங்கியிருக்கிறது. நின்றுபோன பெட்டியைப் பார்த்து யாரோ ஸ்விட்சை அணைத்தான் என்று இரண்டு பேருமே நினைத்தோமே தவிர, அதற்கு உயிர் போயிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நம்பரைப் போடு" என்றார். நான் சுழற்றிக் கொடுத்தேன். மீட்புக் கப்பலின் அதே அதிகாரி. பெரியவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"கடலா, தி. நகரா மேடம்?" என்று கேட்டார் அவர். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"கடல் சார்" என்றேன். "நேத்துப் பத்து மணிக்கே கடல். ஒரு நாள் தாமதம். காத்தும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளியிருக்குமோ அந்தப் பக்கம் பார்த்துத் தேடுங்க. நாலு பேர்." அப்புறம் அவர் வேடிக்கை பேசவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள். செவ்வாய் காலையில் போட்டு கவிழ்ந்திருக்கிறது. ஏழுமலை அன்று பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கை விட்டுவிட்டது. செவ்வாய் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் கிளப்பியிருந்தால் நாலு மணிக்குள் அங்கே போயிருக்கலாம். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் பெரியவர் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னிக்குப் புதுசா ஒரு அழைப்பு வந்த மாதிரி எழுதிடலாமாம்மா? நேத்திக்கு எழுதினது அப்படியே இருக்கட்டும்."

"வேண்டாம் சார்."

அவர் வற்புறுத்தவில்லை. நான் 'பொய்' என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், கீழே எழுதியது தெரிகிற மாதிரி. பக்கத்தில் நடந்ததை நாலு வரி எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே பெரியவர் அவராகவே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது கட்டம் ஏன் வருஷம் முழுக்கக் காலியாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் முன்பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "போன வருஷம் அதைக் கேட்டது நான்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் டீ குடிக்கவில்லை. கிளம்பும்போது உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுங்கள், பிள்ளைகளா. அந்தக் கட்டம் நிரம்பினால் மேலே இருக்கிறவர் திட்டுவார். திட்டட்டும். தெரியவில்லை என்று எழுதியிருந்தால் எனக்கு அன்று மத்தியானம் உறுத்தியிருக்கும், இன்னொரு போன் போட்டிருப்பேன். பொய் என்று எழுதியதும் மனசு காலை நீட்டிப் படுத்துவிட்டது. நான் சொல்ல வந்த பாடம் இவ்வளவுதான். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேகர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உதடெல்லாம் வெடித்து, உள்ளங்கையில் கட்டு. படிவத்தில் முதல் கேள்வி: ஆபத்துக் கருவி வேலை செய்ததா?

நான் கேட்பதற்கு முன்னால் அவன் கேட்டான். "யக்கா, நீங்க அந்த ஆபீசுதானே? அந்த டப்பா வேல செஞ்சுதா, இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான்.

"போட்டு கவுந்தவுடனே தண்ணில வுட்டுட்டான். வெளக்கு எரிஞ்சுது. கப்பல் வரும், கப்பல் வரும்னு சொல்லிகினே இருந்தான். அப்பால வெளக்கு அணைஞ்சு போச்சு. நாங்க அவன கண்டபடி திட்டினோம்க்கா. காயலான் கட சாமான வாங்கியாந்து எங்கள சாவடிக்கிறியேன்னு நான்தான் திட்டினேன். என் சொந்த அண்ணன். அவன் திருப்பித் திட்டல. ஏமாந்துட்டேன்டா சேகருன்னான். அதான் கடைசியா பேசினது."

மடியில் படிவம் இருந்தது. பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.

"வேலை செஞ்சுதுப்பா" என்றேன். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முன்னாடியே கூப்பிட்டுச்சு. எங்க ஆபீசுக்கு வந்துச்சு. நாங்கதான் பொய்ன்னு நெனைச்சு விட்டுட்டோம்."

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைத்தான். "அப்ப எங்கண்ணன் ஏமாறல" என்றான். பிறகு, "அண்ணியாண்ட நீயே வந்து சொல்லு. நான் சொன்னா நம்பாது" என்றான்.

அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கம் போனேன். தெருவை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மறியலில் முந்தானையைப் பிடித்து நிறுத்தியது என்னைத்தான் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். டப்பா வேலை செய்தது, கூப்பிட்டது என்று சொன்னேன்.

"கூப்ட்டுச்சா?"

"கூப்பிட்டுச்சும்மா."

"யாருக்குக் கேட்டுச்சு?"

"எனக்குத்தான்."

அவள் என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் கிடந்த பாயைக் கையால் தட்டினாள்.

"உக்காரு" என்றாள். "மூணு நாளா வரவங்க எல்லாம் அவன முட்டாப்பயன்னு சொல்லிகினு கீறாங்க. இன்னும் வருவாங்க. வரவங்க ஒவ்வொருத்தராண்டயும் நீயே சொல்லு."

உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன்.